சிற்றோடையின் உரிமம்: சிறு நீர்மின் நிலையங்களும் அதிகாரப் பகிர்வும்

அதிகாரப் பகிர்வு என்னும் தொடர் கொழும்புத் தமிழ் மேடைகளிற் பல தசாப்தங்களாக ஒலித்து வருவதொன்றாகும். 1949 டிசெம்பரில் இலங்கைத் தமிழரசுக் கட்சி தோன்றிய நாள் முதலாகச் சமஷ்டி என்ற சொல்லைக் கேட்டறியாத தமிழ் வாலிபர் எவருமிலர். காணி யாருக்கு, பொலிசு யாருக்கு, கல்வியும் மொழியும் யார் கையில் என்ற வினாக்கள் வெள்ளவத்தை மண்டபங்களிலும் கொட்டாஞ்சேனைக் கூட்டங்களிலும் விவாதிக்கப்பட்டே வந்துள்ளன. ஆயின், ஓடை யாருக்கு என்ற வினா அங்கு எழுந்ததில்லை. மலையிலிருந்து வீழும் நீரை மின்னாக மாற்றும் உரிமத்தை வழங்குபவர் யார், எத்தனை ஆண்டுக்கு வழங்குகிறார், காலம் முடிந்தபின் யாரைக் கேட்டு அதனைப் புதுப்பிக்கிறார் என்பன பொறியியலாளருக்கும் கணக்காளருக்கும் உரிய விடயங்களென ஒதுக்கப்பட்டுவிட்டன. அவ்வாறு ஒதுக்கியமை தவறு என்பதும், சிறு நீர்மின் நிலையங்களின் உரிம நிலை அடியோடு மாற்றப்படல் வேண்டும் என்பதுமே இங்கு முன்வைக்கப்படும் வாதமாகும்.

அரசியலமைப்பிலிருந்தே தொடங்கலாம். 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் மாகாண சபைகளுக்குரிய விடயங்களை நிரற்படுத்தியது. மாகாணத்தில் மின்சக்தியைப் பிறப்பிப்பதற்கான இடங்களையும் வசதிகளையும் விருத்தி செய்தல், பேணுதல், முகாமை செய்தல் என்பன அந்நிரலில் இடம்பெற்றுள்ளன. இதை மட்டும் வாசிப்பவர் மாகாணத்துக்குப் பெரும் வரம் கிடைத்துவிட்டதென மகிழக்கூடும். ஆனால் அதையடுத்து அடைப்புக்குறிக்குள் ஒரு விலக்கு உண்டு. நீர்மின் வலுவும், தேசிய மின்வலையமைப்புக்கு ஊட்டுவதற்கெனப் பிறப்பிக்கப்படும் மின்சாரமும் நீங்கலாக என்பதே அவ்விலக்கு. ஒரு கையாற் கொடுத்ததை அடைப்புக்குறியாகிய மறுகையால் எடுத்துக்கொண்ட செயல் இதுவாகும். மலையும் மழையும் அருவியும் கொண்ட மத்திய மாகாணத்துக்கும் சப்பிரகமுவ மாகாணத்துக்கும் நீர்மின் வலு நீங்கலாக மின்னதிகாரம் வழங்குவது, மீனவனுக்குக் கடல் நீங்கலாகத் தொழிலுரிமை வழங்குவதை ஒத்ததாகும்.

இவ்விலக்கில் அளவு பற்றிய பேச்சே இல்லை என்பது கவனத்திற்குரியது. 210 மெகாவாற்றுத் திறனுடைய விக்டோரியாவும், சப்பிரகமுவவின் ஒரு குக்கிராமத்தில் ஊரார் கூடிச் சிற்றோடையில் அமைத்துக்கொண்ட சில கிலோவாற்றுச் சுழலியும் அரசியலமைப்பின் கண்ணுக்கு ஒன்றே. இரண்டும் மத்தியின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. மாறாகச் சுற்றாடற் பொறுப்பு என்ற மறுபக்கத்தை நோக்குமிடத்து அளவு உடனே முதன்மை பெற்றுவிடுகின்றது. 1993 ஆம் ஆண்டின் வர்த்தமானிக் கட்டளைப்படி 50 மெகாவாற்றுக்கு மேற்பட்ட நீர்மின் திட்டங்களே தம் அளவு காரணமாக அங்கீகார நடைமுறைக்குள் வருகின்றன. காட்டெல்லை, ஓடைக்கரை முதலிய இடங்களில் அமைவனவற்றுக்கு அளவு நோக்காது அங்கீகாரம் தேவை என்ற விதி உண்டெனினும், சிறு நிலையங்களுக்குப் பெரும்பாலும் ஆரம்பச் சுற்றாடற் பரிசோதனையே போதுமென விடப்படுகின்றது. முழுமையான தாக்க மதிப்பீட்டு அறிக்கை 30 நாட்களுக்குப் பொதுமக்களின் கருத்துக்கு வைக்கப்படல் வேண்டும். ஆரம்பப் பரிசோதனைக்கோ அக்கட்டாயம் இல்லை. ஆக, அதிகாரத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும்போது மத்தி எந்த ஓடையையும் சிறிதெனக் கருதுவதில்லை. மக்களுக்குப் பதில் சொல்லவேண்டி வரும்போது மட்டும் எல்லாவற்றையும் சிறிதெனக் கருதுகின்றது. இம்முரண்பாடே இன்றைய உரிம நிலையின் சாராம்சம் எனலாம்.

இந்நிலையின் வரலாற்றையும் சற்று நோக்குதல் தகும். இலங்கையில் நீர்மின் சிறியதாகவே பிறந்தது. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1912 இல் நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையே பிளாக்பூலில் ஒரு சிறு நிலையத்தை அமைத்து நுவரெலியா நகருக்கு ஒளி தந்தார். 1918 இல் அவர் நாட்டின் நீர்வலு பற்றிய தமது ஆய்வைப் பொறியியலாளர் சங்கத்தின் முன் வைத்தார். ஆயினும் லக்சபான நிலையம் இயங்கத் தொடங்க 1950 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்கு நெடுநாள் முன்னரே வெள்ளைத் துரைமார் தம் தேயிலைத் தோட்டங்களில் நூற்றுக்கணக்கான சிறு சுழலிகளை நிறுவியிருந்தனர். கொழுந்து வாட்டவும் அரைக்கவும் அவ்வோடைகள் உழைத்தன. அவற்றுக்கான கால்வாய்களை வெட்டியோரும், மலைச்சரிவிலே இரும்புக் குழாய்களைத் தோளிற் சுமந்தோரும் தென்னிந்தியாவிலிருந்து கொணரப்பட்ட தொழிலாளரே. ஆலைக்கும் துரையின் பங்களாவுக்கும் ஒளி வந்தது. லயங்களிலோ குப்பி விளக்கே எரிந்தது. சுதந்திரத்தின் பின் தேசிய மின்வலையமைப்பு மலையகத்தை எட்டியபோது தோட்டச் சுழலிகள் கைவிடப்பட்டுத் துருவேறின. ஓடை அருகே ஓட, லயம் மட்டும் மேலும் பல ஆண்டுகள் இருளிலேயே கிடந்தது. உற்பத்தி செய்தவனுக்கும் உற்பத்திக்கும் இடையிலான உறவு எத்தகையது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1990 களில் இவ்வோடைகள் மீண்டும் பெறுமதி பெற்றன. 1996 இல் டிக்கோயாவில் ஒரு மெகாவாற்றுக்குச் சற்றுக் குறைந்த நிலையமொன்று தேசிய வலையமைப்புடன் இணைக்கப்பட்டதோடு தனியாரின் சிறு நீர்மின் யுகம் ஆரம்பமாயிற்று. 10 மெகாவாற்று வரையான நிலையங்களிடமிருந்து மின்சார சபை மின்னைக் கொள்வனவு செய்வதற்கு நியமமாக்கப்பட்ட ஒப்பந்தமொன்று வகுக்கப்பட்டது. அதன் காலம் 15 ஆண்டுகள். உலக வங்கியின் கடனுதவி வந்து சேர்ந்தது. 2007 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் நிலைபெறுதகு வலு அதிகாரசபையைத் தோற்றுவித்து, புதுப்பிக்கத்தக்க வலு வளங்களைக் குடியரசின் உடைமையாக்கி, 20 ஆண்டு அனுமதிப்பத்திரத்தை ஏற்படுத்தியது. 2009 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்க மின்சாரச் சட்டம், உரிமமோ விலக்களிப்போ இன்றி எவரும் மின்னைப் பிறப்பிக்கலாகாது என விதித்துப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவிடம் திறவுகோலைக் கொடுத்தது. அதன் இடத்துக்கு 2024 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 2025 இல் அதுவும் திருத்தப்பட்டது. இக்கால எல்லைக்குள் சிறு நீர்மின் நிலையங்கள் 200 க்கு மேற் பெருகின. அவற்றின் மொத்தத் திறன் 400 மெகாவாற்றளவை எட்டியது. எத்தனையோ சட்டங்கள், எத்தனையோ அலுவலகங்கள், அவையனைத்தும் கொழும்பில். ஓடை ஓடும் ஊரில் ஒரு கதவேனும் இல்லை.

சிறு நிலையம் ஆற்றைத் தேக்குவதில்லை, ஆதலால் தீங்கற்றது என்பது முதலீட்டாளரின் வழமையான வாதம். அதன் இயக்கத்தை அறிந்தவர் இவ்வாதத்தை எளிதில் ஏற்கார். ஓடையின் குறுக்கே தாழ்ந்த அணையொன்று கட்டப்படுகின்றது. அங்கிருந்து நீர் கால்வாய் வழியே மலைச்சரிவை அணைத்து நெடுந்தூரம் கொண்டு செல்லப்பட்டு, உருக்குக் குழாயினூடாகச் செங்குத்தாக இறக்கப்பட்டுச் சுழலியைச் சுழற்றியபின் மீண்டும் ஓடையிற் சேர்கின்றது. நீர் அழிவதில்லை என்பது உண்மையே. ஆனால் அணைக்கும் சுழலிக்கும் இடைப்பட்ட ஓடைப்பகுதி நீரை இழக்கின்றது. அப்பகுதியிலேதான் குளிக்கும் துறையும், மரக்கறித் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் வாய்க்காலும், மலையோடை மீனும் இருக்கக்கூடும். ஓடையில் எக்காலமும் குறித்த அளவு நீர் விடப்படல் வேண்டுமென அனுமதியில் நிபந்தனை எழுதலாம். அதை யார் அளப்பது? நிலையத்தின் வருமானம் யூனிற் கணக்கிலேயே அமைகின்றது. பழைய ஒப்பந்தங்களின் விலைப்பட்டியலிற் பெப்ரவரி முதல் ஏப்ரல் வரையான வறட்சிக் காலத்துக்கு மழைக்காலத்தைவிடக் கூடிய விலை குறிக்கப்பட்டிருந்தது. அதாவது ஓடை எப்போது மிக மெலிகின்றதோ அப்போதே அதன் ஒவ்வொரு துளிக்கும் விலை அதிகம். இத்தகைய ஏற்பாட்டின்கீழ் முதலாளியின் மனச்சாட்சியை நம்பி ஓடையை விட்டுவைப்பது அரசியல் அறியாமையாகும். அத்துடன் ஒரே ஆற்றின் கிளைகளில் அடுத்தடுத்துப் பல நிலையங்கள் எழும்போது ஒவ்வொன்றையும் தனித்தனியே சிறிதென்று அளந்துவிட்டு மொத்தத்தை எவரும் அளவாதிருப்பது மற்றொரு குறையாகும்.

பிற நாடுகள் இவ்விடயத்தை எவ்வாறு கையாண்டன? சுவிற்சர்லாந்தில் 1916 ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம் பொது விதிகளை வகுக்கின்றது. நீரின் மீதான அதிகாரமோ மாநிலங்களாகிய கன்ரன்களுக்கும், சிலவிடங்களில் ஊராட்சிகளுக்கும் உரியது. உரிமத்தின் உச்சக் காலம் 80 ஆண்டுகள். அக்காலம் முடிவடையும்போது அணை, கால்வாய், குழாய், சுழலி முதலிய நீர்சார் பகுதிகளை உரிமம் வழங்கிய சமூகம் இலவசமாகத் தன்வசப்படுத்தும் உரிமை உண்டு. நீருக்கு ஆண்டுதோறும் கட்டணமும் அறவிடப்படுகின்றது. 1 மெகாவாற்றுக்கு உட்பட்ட நிலையங்களுக்கு அக்கட்டணத்திலிருந்து விலக்கு. நோர்வேயிற் பெரிய நீர்மின் நிலையங்கள் தமது உற்பத்தியில் 10 சதவீதம் வரை உள்ளூராட்சிகளுக்குச் சலுகை விலையில் வழங்கக் கடமைப்பட்டவை. இந்தியாவில் நீர் மாநில நிரலிலும், மின்சாரம் பொது நிரலிலும் உள்ளன; 2008 ஆம் ஆண்டின் நீர்மின் கொள்கை மாநிலத்துக்கு 12 சதவீத இலவச மின்னோடு மேலும் 1 சதவீதத்தை உள்ளூர் அபிவிருத்தி நிதிக்கென ஒதுக்கியது. அங்கெல்லாம் அநீதியே இல்லையென்பதன்று. மலைமக்களின் குரல் அங்கும் பலமுறை மிதிக்கப்பட்டுள்ளது. ஆயினும் ஓடைக்கருகே வாழ்வோருக்கு ஓடையில் ஒரு பங்கு உண்டு என்ற கோட்பாடாவது எழுத்தில் ஏற்கப்பட்டுள்ளது.

ஐக்கிய அமெரிக்காவின் எடுத்துக்காட்டு இன்னும் பொருத்தமானது. ஏனெனில் அங்கு உரிமம் வழங்குவது மத்திய ஆணைக்குழுவே. 1920 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உரிமம் 50 ஆண்டுக்கு மேற்படலாகாது. முடிவடையும்போது புதிய விண்ணப்பத்தைப் போலவே விசாரிக்கப்படும். 10 மெகாவாற்று வரையான சிறு நிலையங்கள் உரிமத்துக்குப் பதிலாக விலக்களிப்பைக் கோரலாம். ஆனால் மீன் வளத்தையும் வனவிலங்கையும் காக்கும் மாநில, மத்திய நிறுவனங்கள் விதிக்கும் நிபந்தனைகள் அவ்விலக்களிப்பைக் கட்டுப்படுத்தும். மெயின் மாநிலத்திற் கென்னபெக் ஆற்றின் எட்வேட்ஸ் அணை 1837 இற் கட்டப்பட்டது. அதன் மின்திறன் 3.5 மெகாவாற்று மட்டுமே. 1997 இல் அதன் உரிமத்தைப் புதுப்பிக்க ஆணைக்குழு மறுத்தது. உரிமையாளரின் விருப்பத்துக்கு மாறாக அணையை அகற்றுமாறு பணித்தது. 1999 இல் அணை உடைக்கப்பட்டு, ஆறு திறக்கப்பட்டது. சிறு நிலையத்தின் பயனையும் ஆற்றின் பயனையும் ஒரே தராசில் நிறுத்திப் பார்த்த தீர்ப்பு அது. உரிமம் முடிவடைதல் என்பது ஒரு சமூகம் தன் முடிவை மீளாய்வு செய்யும் நாள் என்ற உண்மையை அது உணர்த்துகின்றது. இலங்கையிலோ 1990 களின் இறுதியிற் கைச்சாத்தான 15 ஆண்டு ஒப்பந்தங்களின் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. புதுப்பித்தல் பற்றி எழுந்த பேச்செல்லாம் யூனிற்றுக்கு எத்தனை ரூபா என்பதே. ஓடையின் நிலை என்ன, ஊராருக்குக் கிடைத்தது என்ன என்று கேட்பதற்கு ஒரு நாளும் ஒதுக்கப்படவில்லை.

ஆகவே மாற்றம் எவ்வாறு அமைதல் வேண்டும்? சிறு நீர்மின் நிலையங்கள் மூன்று வகையாக நோக்கப்படலாம். முதலாவது, ஊரார் தமக்கென நடத்துவனவும் தோட்டக் குடியிருப்புகளுக்கு ஒளி தருவனவுமாகிய கிலோவாற்று அளவு நிலையங்கள். இவை உரிமத்திலிருந்து முற்றாக விலக்கப்பட்டு, பிரதேச சபையிற் பதிவு செய்வதோடு அமைதல் வேண்டும். இரண்டாவது, தேசிய வலையமைப்புக்கு மின்னை விற்கும் 10 மெகாவாற்றுக்கு உட்பட்ட தனியார் நிலையங்கள். இவற்றின் உரிமத்தை மாகாணம் வழங்குதல் வேண்டும். வலையமைப்பின் தொழினுட்ப விதிகளை மட்டும் மத்தி வகுக்கலாம். பகிரங்க விசாரணையின்றி உரிமம் இல்லை. நீரோட்ட அளவீடு ஓடைக்கரையிலேயே மக்கள் பார்வைக்கு வைக்கப்படல் வேண்டும். வருமானத்தின் ஒரு குறித்த பங்கு பிரதேச சபைக்குச் சேர்தல் வேண்டும். காலம் முடிந்ததும் புதுப்பித்தல் உரிமையன்று, புதிய விசாரணைக்குரியதாகும். மூன்றாவது, அதற்கு மேற்பட்ட பெருந்திட்டங்கள். அவை மத்தியிடமே இருக்கலாம். இம்மாற்றத்துக்கு நிரலின் அடைப்புக்குறி திருத்தப்படல் இன்றியமையாதது. அதற்குப் பாராளுமன்றத்தில் மூன்றிலிரண்டு தேவைப்படும் என்பது மெய்யே. எனினும் பகிரங்க விசாரணை, அளவீடு, வருமானப் பங்கு என்பவற்றைச் சாதாரண சட்டத்தாலேயே நாளையே ஏற்படுத்தலாம்.

இதற்கு எதிராக மூன்று வாதங்கள் எழக்கூடும். தேசிய மின்வலையமைப்பு ஒன்று, ஆதலால் அதிகாரமும் ஒன்றாதல் வேண்டும் என்பது முதலாவது. கம்பியின் ஒருமையையும் உரிமத்தின் ஒருமையையும் குழப்புவதால் எழும் வாதம் இது. சுவிற்சர்லாந்தின் கன்ரன்கள் நீரை ஆள்வதால் அந்நாட்டின் மின்விளக்கு அணைந்துவிடவில்லை. இரண்டாவது வாதம், மாகாண சபைகளே உயிரற்றுக் கிடக்கும்போது அவற்றுக்கு எதற்கு அதிகாரம் என்பது. 2014 செப்டெம்பரில் ஊவாவில் நடந்த தேர்தலுக்குப் பின் மாகாணத் தேர்தல்கள் ஆண்டுக்கணக்கிற் பின்போடப்பட்டன; 2019 அளவில் எல்லாச் சபைகளின் காலமும் முடிந்து ஆளுநர்களின் ஆட்சி வந்தது. இது உண்மையே. ஆயின் உயிரைப் பறித்தவனே உயிரில்லையே என்று கூறிச் சொத்தையும் பறிப்பதை நியாயமென்று கொள்ள இயலாது. மேலும், 2025 மே மாதத்தில் உள்ளூராட்சித் தேர்தல் நடைபெற்றுப் பிரதேச சபைகள் அமைந்தன. விசாரணையும் வருமானப் பங்கும் அங்கிருந்து தொடங்கலாம். மூன்றாவது வாதமே கனதியானது. நிலக்கரியையும் எண்ணெயையும் விட்டு விலகவேண்டிய இக்காலத்திற் சிறு நீர்மின்னுக்குத் தடை எழுப்பலாமா என்பது அது. இங்கு எழுப்பப்படுவது தடையன்று. ஊராரை எதிரியாக்கி எழும் தூய மின்சாரம் நிலைத்திராது. அவர்களைப் பங்காளராக்கின் அவர்களே அதன் காவலராவர். தூய்மை என்பது புகையின்மை மட்டுமன்று, அநீதியின்மையுமாகும்.

இறுதியாக ஒரு விடயம். மலையகத் தமிழர் உள்ளூராட்சியின் வாசலிலேயே நெடுங்காலம் நிறுத்தி வைக்கப்பட்டவர்கள். 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் சேவையாற்ற இடமளிக்கவில்லை. வாக்களித்தோரின் பாதையைச் செப்பனிடவும் சபைக்கு உரிமை இல்லாதிருந்த அந்நிலை 2018 இலேயே திருத்தப்பட்டது. 1992 முதல் தோட்டக் காணிகள் கம்பனிகளின் நீண்டகாலக் குத்தகையில் உள்ளன. காணி கம்பனிக்கு, ஓடை கொழும்புக்கு, மின் வலையமைப்புக்கு எனப் பங்கிட்டபின் அம்மண்ணில் இரு நூற்றாண்டுகளாக உழைத்தோருக்கு எஞ்சுவது வற்றிய பாறைகளே. வடக்கிலும் கிழக்கிலும் காணியதிகாரம் வேண்டுமென முழங்கும் தலைவர்கள், மலையகத்தின் நீரதிகாரம் பற்றி வாய் திறவாமை ஏன்? யாழ்ப்பாணத்தில் ஆறில்லை என்பதாலா? சமஷ்டி ஒரு கோட்பாடாயின் அது எல்லா மாகாணங்களுக்கும் உரியது. மத்திய மாகாணத்துச் சிங்கள விவசாயிக்கும் உரியது. ஒரு பிரதேசத்துக்கு மட்டும் கேட்கப்படுவது கோட்பாடன்று, கோரிக்கை மட்டுமே.

கொழும்புத் தமிழருக்கு இதில் என்ன என்று கேட்பவரும் உளர். கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலிய ஓயாவும் லக்சபான நிலையங்களின் சுழலிகளைச் சுழற்றியபின் கூடிக் களனியாகின்றன. அந்நீரே அம்பத்தளையிற் சுத்திகரிக்கப்பட்டுத் தலைநகரின் குழாய்களுக்கு வருகின்றது. எஞ்சியது கொட்டாஞ்சேனைக்கு வடக்கே மட்டக்குளியை அடுத்துக் கடலிற் கலக்கின்றது. வெள்ளவத்தையின் அடுக்குமாடிகளில் மின்தூக்கியை ஏற்றுவதிலும் குவளையை நிரப்புவதிலும் மலையின் நீருக்குப் பங்குண்டு. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின் துண்டிக்கப்பட்டபோது கொழும்பு மலையை நினைந்தது. மழை பெய்ததா, நீர்த்தேக்கம் நிரம்பியதா எனக் கேட்டது. மலையில் வாழ்வோரைப் பற்றி அது கேட்கவில்லை. நீரை அருந்தி ஒளியை நுகர்வோருக்கு, அவை எந்த நியாயத்தின்கீழ் வந்து சேர்கின்றன என்று கேட்கும் கடமை உண்டு. பல்கலைக்கழகத்திற் சமஷ்டி பற்றிக் கட்டுரை எழுதுவோரும் விரிவுரை நிகழ்த்துவோரும் அக்கடமையிலிருந்து விலக்களிப்புக் கோர இயலாது.